மூலக்கூறு வடிவமும் பிணைப்புக் கோணமும்

ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்கள் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதே அந்த மூலக்கூறின் வடிவம். நடு அணுவிலிருந்து அதனோடு பிணைந்த இரண்டு அணுக்களுக்குக் கோடு இழுத்தால், அந்த இரு கோடுகளுக்கும் இடையே கிடைப்பது பிணைப்புக் கோணம். மீத்தேனில் அது 109.5°, அமோனியாவில் 107°, தண்ணீரில் 104.5°. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் வேதியியல் படிக்கும் எல்லோரும், ராயப்பன்பட்டியில் படித்தாலும் ராயபுரத்தில் படித்தாலும், இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்தே தீர வேண்டும். இவற்றை யார், எதை வைத்துக் கண்டார்கள் என்று வினாத்தாள் கேட்பதில்லை என்பதால் அந்தக் கதை பெரும்பாலும் வகுப்பறைக்குள் வருவதில்லை.

அணுவை எந்தக் கருவியும் எட்டாத காலத்திலேயே வேதியியலாளர்கள் அதன் கோணங்களைப் பற்றிப் பேசத் துணிந்தார்கள். அவர்களுக்கு உதவியது விலக்கிப் பார்க்கும் முறை. வடிவம் இன்னதென்றால் இத்தனை வகைப் பொருள் கிடைக்க வேண்டும். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த வடிவம் இல்லை. 1874இல் நெதர்லாந்தில் உருப்பெற்ற இந்த முறை 1963இல் சென்னை கிண்டியில் ஓர் உச்சத்தைத் தொட்டது.

திராட்சைக் கசடு

வரலாறு திராட்சையில் தொடங்குவதால் கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் வட்டாரத்தில் பந்தல் போட்டு வளர்க்கும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழத்தின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலத்துடையது. திராட்சைச் சாறு மதுவாகும்போது பீப்பாயின் உட்சுவரில் ஓடுபோலப் படியும் கசடு இந்த அமிலத்தின் பொட்டாசியம் உப்புதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் அல்சேஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் டார்டாரிக் அமிலம் தயாரிக்கும்போது, அதே இயைபுள்ள இன்னொரு அமிலமும் கிடைத்தது. இரண்டுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு. வழக்கமான அமிலத்தின் கரைசல் தளவிளைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பியது; புதியது எந்தப் பக்கமும் திருப்பவில்லை. 1848இல் பாரிஸில் இருபத்தைந்து வயது லூயி பாஸ்டர் புதிய அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கிக் கவனித்தார். சில படிகங்களில் ஒரு சிறு முகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, சிலவற்றில் இடப்பக்கம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்துத் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது. மற்றது அதே அளவு இடப்பக்கம். கரைந்துபோன பிறகும் அந்தக் குணம் மாறவில்லை என்றால் அது படிகத்தின் குணமாக இருக்க முடியாது. மூலக்கூறே வலமும் இடமுமாக, ஆடியும் பிம்பமுமாக இரண்டு வகையில் இருக்கிறது. தட்டையான பொருளுக்கு அப்படி இரண்டு வகை வாய்ப்பதில்லை.

இதில் பாஸ்டருக்குக் குளிரின் தயவும் இருந்தது. ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்கு மேல் போனால் இந்த உப்பு இரண்டு வகையாகப் பிரிந்து படிவதில்லை; இரண்டும் கலந்த ஒரே படிகமாகிவிடும். சித்திரை வெயிலில் கம்பத்தில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பாஸ்டருக்கு ஒரு குவியல்தான் மிஞ்சியிருக்கும்.

நான்முகி

வடிவம் உண்டு என்று பாஸ்டர் காட்டினார். என்ன வடிவம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1808இலேயே வில்லியம் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேயர், ஒரு துகளைச் சுற்றி நான்கு துகள்கள் நின்றால் அவை நான்முகியின் மூலைகளில் நிற்பதுதான் நிலையாக இருக்கும் என்று ஓர் ஊகத்தைப் போட்டுவைத்திருந்தார். அதை யாரும் பின்தொடரவில்லை. 1865இல் லண்டனில் ஆகஸ்ட் ஹோஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் கம்பியில் கோத்து மூலக்கூறு மாதிரிகளைச் செய்து மேடையில் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், ஹைட்ரஜனுக்கு வெள்ளை என்று அவர் கொடுத்த நிறங்கள்தான் இன்றைக்கும் பள்ளி ஆய்வகத்தின் பிளாஸ்டிக் பந்துகளில் இருக்கின்றன. ஆனால் அவருடைய மீத்தேன் தட்டையாக, சிலுவைபோலக் கிடந்தது.

1874 செப்டம்பரில் யூட்ரெக்ட் நகரில் யாக்கோபுஸ் வான்ட் ஹாஃப் டச்சு மொழியில் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். வயது 22. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கிப் போகின்றன என்பது அதன் சாரம். இரண்டு மாதம் கழித்து ஜோசப் லெ பெல் பாரிஸில் தனியாக ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார்.

வான்ட் ஹாஃபின் தர்க்கத்தைப் பள்ளி மாணவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். கார்பனோடு இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு குளோரினும் சேர்ந்தது டைகுளோரோமீத்தேன். மூலக்கூறு தட்டையான சதுரமாக இருந்தால், இரண்டு குளோரினும் பக்கத்துப் பக்கத்து மூலைகளில் இருப்பது ஒரு பொருள், எதிரெதிர் மூலைகளில் இருப்பது வேறொரு பொருள். இரண்டுக்கும் கொதிநிலை வேறாக இருக்க வேண்டும். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு டைகுளோரோமீத்தேன்தான் இருக்கிறது. நான்முகியில் எந்த மூலையை எடுத்தாலும் மற்ற மூன்றும் அதற்குப் பக்கத்து மூலைகளே என்பதால் ஒரே வகைதான் வர முடியும். நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகளை வைத்தாலோ, ஆடியும் பிம்பமுமாக இரண்டு வகை வந்துவிடுகிறது. பாஸ்டரின் இரண்டு குவியல்களுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

109.5° என்ற எண்ணும் கருவியால் அளந்து வந்ததல்ல. வடிவியலிலிருந்து தானாக விழுந்தது. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கார்பன், குறித்த மூலைகளில் ஹைட்ரஜன். பக்கத்தின் நீளம் 2 என்றால் நடுவிலிருந்து மூலைக்குத் தூரம் √3. குறித்த இரு மூலைகளுக்கு இடையே 2√2. கொசைன் விதியில் போட்டால் கோணத்தின் கொசைன் −1/3 என்று வரும். கால்குலேட்டர் 109.47° என்று காட்டும். பாடப்புத்தகங்கள் 109°28′ என்று எழுதுவதும் இதைத்தான்.

இந்த எளிமை அன்றைய பெரியவர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. லைப்சிக்கின் புகழ்பெற்ற வேதியியலாளர் ஹெர்மன் கோல்பெ 1877இல் வான்ட் ஹாஃபைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் அணுக்கள் வெளியில் நிற்கும் நிலையைப் பார்த்ததுபோலப் பேசுவதா என்பது அவருடைய ஆத்திரம். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குப் போனது. பரிசுக் குறிப்பில் சொல்லப்பட்டது கரைசல்கள் பற்றிய அவருடைய வேறு ஆய்வு. கோல்பெ 1884இலேயே இறந்துவிட்டார்.

1874க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இதே முறை கார்பனைத் தாண்டியும் போனது. வளைய மூலக்கூறுகளில் கோணம் 109.5°இலிருந்து விலகினால் இறுக்கம் உண்டாகும் என்று 1885இல் அடால்ஃப் ஃபான் பேயர் சொன்னார். வளையங்கள் எல்லாம் தட்டை என்று அவர் நினைத்தது மட்டும் தவறு. 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் கோபால்ட் சேர்மங்களில் எத்தனை வகை கிடைக்கிறது, எத்தனை கிடைக்கவில்லை என்று எண்ணியே எண்முகி வடிவத்துக்கு வந்தார். 1913இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

மயில்துத்தம்

நான்முகிக்கு நேரடிச் சான்று தரும் வழி 1912இல் திறந்தது. மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி வால்டர் ஃப்ரீட்ரிச், பால் க்னிப்பிங் இருவரும் ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த புகைப்படத் தட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட படிகம் காப்பர் சல்பேட், நாம் மயில்துத்தம் என்று சொல்லும் அதே நீலக் கல். மறு ஆண்டே இங்கிலாந்தில் பிராக் தந்தையும் மகனும் வைரத்தின் அமைப்பைக் கண்டார்கள். ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் நான்கு கார்பன்கள், நான்முகியின் மூலைகளில். இருபத்திரண்டு வயதுப் பையன் தாளில் போட்ட கணக்கு 39 ஆண்டுகள் கழித்துப் படத்தில் தெரிந்தது.

மயில்துத்தம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பழக்கமான சரக்கு. திராட்சைக் கொடியில் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை அதில்தான் தயாராகிறது. பிரான்சில் 1885இல் மில்லார்டே முறைப்படுத்திய கலவை அது. ஒரு சதக் கலவைக்கு நூறு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய அரிவாளை முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

அந்த நீலப் படிகத்தின் முழு அமைப்பை 1934இல் பீவர்ஸ், லிப்சன் என்ற இரு ஆங்கிலேயர் வெளியிட்டார்கள். ஒவ்வொரு செம்பு அயனியைச் சுற்றியும் நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சதுரமாக நிற்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் சற்று எட்டத்தில் இருக்கின்றன. சூத்திரத்தில் வரும் ஐந்தாவது தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை. பள்ளியில் சொல்லித்தரும், பின்னால் வரப்போகும் எலக்ட்ரான் இரட்டை விதியை வைத்து இந்த நீட்டிய எண்முகியை விளக்க முடியாது. அதற்கு டி ஆர்பிட்டால்கள் வரை போக வேண்டும்.

வத்திராயிருப்பு

மேகமலை, வருசநாட்டு மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் வத்திராயிருப்பு. 1898இல் அங்கே பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்துக் கல்கத்தா போய் சி. வி. ராமனோடு சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் வெளிப்பட்ட ராமன் விளைவில் அவருக்கு இருந்த பங்கு பலரும் அறிந்தது. மூலக்கூறு வடிவத்துக்கு அவர் கொடுத்தது அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது.

ராமன் விளைவே வடிவம் காண ஒரு கருவியாயிற்று. மூலக்கூறு அதிரும்போது சில அதிர்வுகள் ராமன் நிறமாலையில் தெரியும், சில அகச்சிவப்பு நிறமாலையில் தெரியும். நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீர் உள்ள மூலக்கூறில் ஒரே அதிர்வு இரண்டிலும் தெரியாது. கார்பன் டைஆக்சைடு இந்தச் சோதனையில் தேறுகிறது, ஆகவே அது நேர்கோடு, கோணம் 180°. தண்ணீர் தேறுவதில்லை. பீட்டர் டிபை தொடங்கிவைத்த இருமுனைத் திருப்புத்திறன் அளவீடும் இதையே சொன்னது: கார்பன் டைஆக்சைடுக்கு மதிப்பு பூச்சியம், தண்ணீருக்கு 1.85 டிபை. நேர்கோடாக இருந்தால் இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று அடித்துவிடும். தண்ணீரில் அடிபடவில்லை என்றால் அது வளைந்துதான் இருக்க வேண்டும்.

கிருஷ்ணன் தனியாக எடுத்துக்கொண்டது காந்தத்தை. நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தப்புலத்துக்குள் இறக்கினார். பென்சீன் வளையம் காந்தத்துக்குக் காட்டும் எதிர்ப்பு எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மிக அதிகம். அதனால் படிகம் தனக்கு வசதியான பக்கம் திரும்ப முயலும். இழையை எவ்வளவு முறுக்கினால் படிகம் சட்டென்று புரளுகிறது என்று அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். எக்ஸ் கதிர்க் கணக்குக்கு மாதக்கணக்காகிய காலத்தில் ஓர் இழையும் ஒரு காந்தமும் அந்த வேலையைச் சுருக்கின. 1933இல் இந்த ஆய்வுகள் வெளிவரத் தொடங்கின. பென்சீன் வளையம் தட்டையான அறுகோணம் என்று 1929இல் எக்ஸ் கதிரால் நிறுவிய கேத்லீன் லான்ஸ்டேல், 1936இல் கிருஷ்ணனோடு சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்.

விலக்கக் கொள்கை

அளவுகள் குவிந்தன, காரணம் வேண்டியிருந்தது. 1931இல் லினஸ் பாலிங் குவாண்டம் இயக்கவியலிலிருந்து இனக்கலப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தார். ஓர் எஸ் ஆர்பிட்டாலும் மூன்று பி ஆர்பிட்டாலும் கலந்தால் நான்முகி, இரண்டு பி கலந்தால் தட்டை முக்கோணம், ஒரு பி கலந்தால் நேர்கோடு. கணக்கு சரிதான். ஆனால் ஒரு மூலக்கூறில் எந்த இனக்கலப்பு நடக்கிறது என்று சொல்ல அதன் வடிவம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற சிக்கலைப் பள்ளிப் பாடங்கள் பூசி மெழுகிவிடுகின்றன.

வடிவம் தெரியாத மூலக்கூறுக்கும் முன்கூட்டியே சொல்லும் விதி வேறிடத்திலிருந்து வந்தது. ஜப்பானில் ரியூட்டாரோ சுச்சிடா 1939இலும், ஆக்ஸ்ஃபோர்டில் சிட்ஜ்விக்கும் பவலும் 1940இலும், நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகளை எண்ணினாலே வடிவம் வந்துவிடும் என்று சொன்னார்கள். 1957இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ரொனால்ட் கில்லெஸ்பியும் ரொனால்ட் நைஹோமும் இதை விரிவான விதியாக்கினார்கள். கனடாவுக்குப் போய்விட்ட கில்லெஸ்பி 1963இல் வேதியியல் ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் இதற்கு நீண்ட பெயர் ஒன்றை வைத்தார். தமிழில் இணைதிறக் கூட்டு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. வகுப்பில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ஆங்கிலச் சுருக்கத்தை ஒரே சொல்லாக்கி 'வெஸ்பர்' என்பதோடு சரி.

விதி இதுதான். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விட்டு இயன்றவரை விலகி நிற்கும். இரண்டு என்றால் நேர்கோடு, மூன்று என்றால் முக்கோணம், நான்கு என்றால் நான்முகி, ஐந்து என்றால் முக்கோண இருபிரமிடு, ஆறு என்றால் எண்முகி. நான்கு பலூன்களை ஊதி வாய்ப்பக்கத்தைச் சேர்த்துக் கட்டினால் அவை தாமே நான்முகியாக நின்றுவிடுவதை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டுவதுண்டு. பிணைப்பில் ஈடுபடாத தனித்த இரட்டை, ஒரே அணுவின் பிடியில் இருப்பதால் அகலமாகப் பரவி அதிக இடம் பிடிக்கும். அமோனியாவில் அப்படி ஒன்று இருக்கிறது. மற்ற மூன்று பிணைப்புகளையும் நெருக்கி 107°க்குக் கொண்டுவருகிறது. தண்ணீரில் இரண்டு, கோணம் 104.5°.

விதி பிறந்த கையோடு அதற்கு ஒரு பெரிய சோதனையும் வந்தது. மந்த வாயு எதனோடும் சேராது என்று நம்பியிருந்த உலகத்துக்கு 1962இல் நீல் பார்ட்லெட் செனான் சேர்மத்தைக் காட்டினார். அதே ஆண்டு செனான் டெட்ராஃபுளூரைடு தயாரானது. செனானைச் சுற்றி ஆறு இரட்டைகள். நான்கு பிணைப்பில், இரண்டு தனித்து. தனித்தவை இரண்டும் எதிரெதிரே போய் நின்றால் மிஞ்சுவது தட்டைச் சதுரம், கோணம் 90°. அளந்தபோது அப்படியே இருந்தது. செனான் ஹெக்சாஃபுளூரைடு ஒழுங்கான எண்முகியாக இருக்காது, ஏழாவது இரட்டை அதைக் கோணலாக்கிவிடும் என்று கில்லெஸ்பி சொன்னதும் பலித்தது. பிளஸ் ஒன் மாணவர்களைப் படுத்தும் செனான் கேள்விகள் உண்மையில் இந்த விதியின் வெற்றிப் பட்டியல்.

விதிக்கு எல்லையும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடுக்கும் தண்ணீரைப்போலவே இரண்டு தனித்த இரட்டைகள், கோணமோ 92°. எலக்ட்ரான் கவர்திறனைச் சேர்த்துச் சொன்னால் திசை புரியும், எண் வராது. இரட்டைகள் விலகுவதற்குக் காரணம் மின்சுமை விலக்கு மட்டும்தான் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போவதும் சரியல்ல. பௌலியின் தவிர்ப்புத் தத்துவமே முதன்மைக் காரணம் என்று கில்லெஸ்பி தம் வாழ்நாள் முழுக்க வற்புறுத்திவந்தார். அவர் 2021இல் மறைந்தார்.

கிண்டி

ஜி. என். ராமச்சந்திரனின் முதலெழுத்து திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம். பிறந்தது 1922இல் எர்ணாகுளத்தில்; படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பெங்களூரில் ராமனின் மாணவராகிக் கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பினார். 1952இல், முப்பதை எட்டும் வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரிடம் அவரைப் பரிந்துரைத்தவர் ராமன்.

அந்தச் சமயம் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். பக்கத்தில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காருவின் வால் தசைநார் அதன் வழியாகக் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படமெடுத்தார்கள். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது தெரிந்த செய்தி. மூன்று சங்கிலிகள் சேர்ந்து திரிந்தால் நடுவில் இடம் மிகக் குறுகல். பக்கத்தொகுதியாக வெறும் ஹைட்ரஜன் மட்டும் உள்ள கிளைசினுக்குத்தான் அங்கே இடம். ஆகவே மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருந்தே ஆக வேண்டும். 1954இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மும்மைச் சுருள் இப்படி உருவானது. அடுத்த ஆண்டு திருத்திய வடிவமும் வந்தது.

அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் இருவரும் உடனே எதிர்ப்புச் சொன்னார்கள். அடிப்படைச் சுருள் சரி. ஆனால் இந்த மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்துவிடுகின்றன, அவ்வளவு நெருக்கம் நடக்காது என்றார்கள். ராமச்சந்திரன் அங்கிருந்து எழுப்பிய கேள்விதான் பெரிய கேள்வி. அவ்வளவு நெருக்கம் நடக்காது என்றால், எவ்வளவு நெருக்கம் நடக்கும்? அதுவரை அமைப்பு தெரிந்த அமினோ அமில, பெப்டைடு படிகங்களையெல்லாம் அலசி ஒரு பட்டியல் போட்டார்கள். பிணையாத இரண்டு ஹைட்ரஜன்கள் வழக்கமாக 2.0 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருவதில்லை, மிஞ்சிப்போனால் 1.9. இரண்டு கார்பன்கள் 3.2, மிஞ்சிப்போனால் 3.0. இப்படி ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு எல்லைகள்.

பிறகு பிளஸ் ஒன் வடிவியலே போதுமாயிருந்தது. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு பெப்டைடு அலகும் தட்டையானது என்று பாலிங்கும் கோரியும் 1951இல் காட்டியிருந்தார்கள். இரண்டு தட்டைகளை இணைக்கும் கார்பன் மீத்தேன் கார்பனைப்போலவே நான்முகி. அங்கே பிணைப்புக் கோணத்தை 110° என்று வைத்துக்கொண்டார்கள். தட்டைகள் வளைய முடியாது, நீள முடியாது. அந்தக் கார்பனின் இருபுறமும் உள்ள இரண்டு பிணைப்புகளைச் சுற்றிச் சுழல மட்டும் முடியும். ஒரு சுழற்சிக்கு ஃபை, மற்றதற்கு சை என்று பெயர். முழுப் புரதச் சங்கிலியின் மடிப்பும் இந்த இரண்டு கோணங்களின் வரிசையாகச் சுருங்கிவிட்டது. ராமச்சந்திரனோடு பணியாற்றிய சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஒவ்வொரு சோடிக் கோணத்துக்கும் அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களைக் கணக்கிட்டார்கள். கணிப்பொறி இல்லாமல், மேசைக் கணக்கு எந்திரத்தை வைத்து. எல்லை மீறிய இடங்களையெல்லாம் தள்ளிவிட்டபோது, சதுர வரைபடத்தில் மிஞ்சியது சில சின்னத் தீவுகள். அலனீன் என்ற அமினோ அமிலத்துக்கு வழக்கமான எல்லையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாலிங்கின் ஆல்ஃபா சுருள் (ஃபை −57°, சை −47°) ஒரு தீவில் இருந்தது. பீட்டா தாள் இன்னொன்றில். பக்கத்தொகுதி வெறும் ஹைட்ரஜனான கிளைசினுக்கு மட்டும் பரந்த நிலம்.

மூவரின் கட்டுரை 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி'யில் வந்தது. கில்லெஸ்பி தம் விதிக்குப் பெயர் வைத்ததும் அதே ஆண்டுதான். ஒருவர் எலக்ட்ரான் இரட்டைகளை விலக்கினார், மற்றவர்கள் பிணையாத அணுக்களை விலக்கினார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று படித்ததாகத் தெரியவில்லை. படித்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. நடக்காததைக் கழித்து நடப்பதைக் காணும் முறை இரு தரப்புக்கும் பொதுச் சொத்து.

ராமச்சந்திரன் 1971 வாக்கில் பெங்களூருக்கு மாறினார், 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார். நோபல் கிடைக்கவில்லையே என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வரி புலம்புவது வழக்கம். அந்த வரியை இங்கே விட்டுவிடலாம். 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்திருக்கின்றன. புதிதாக ஒரு புரத அமைப்பைத் தீர்த்தவர் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் வெளியிடுவதில்லை. தீவுகளுக்கு வெளியே புள்ளிகள் நிறைய விழுந்தால் அமைப்பில் எங்கோ பிழை இருக்கிறது. கணிப்பொறி கணிக்கும் புரத மடிப்புகளுக்கும் இதே உரைகல்தான்.

வேதிப்பிணைப்புப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செனான் டெட்ராஃபுளூரைடை முடித்த கையோடு ஒரு பாடவேளையை ஒதுக்கி, இரண்டு அட்டைத் துண்டுகளையும் ஓர் ஈர்க்குச்சியையும் வைத்து ஃபை, சை சுழற்சியைக் காட்டுங்கள். அதற்குத் தேவையான கணக்கு முழுவதும் பிளஸ் ஒன் மாணவருக்கு ஏற்கனவே தெரியும்.